கேமராவை மாற்றினால் வானம் மாறுமா?

"பாடிய மாத்தினா பால்வீதி இன்னும் நல்லா வருமாண்ணே?" வாணியம்பாடியில் ஸ்டுடியோ நடத்தும் என்னிடம் தொழிலில் இருக்கும் தம்பிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஜவ்வாது மலை எங்களுக்குப் பக்கம். ஆலங்காயம் தாண்டி மேலே ஏறினால் காவலூர். அமாவாசையை ஒட்டிய இரவுகளில் பைக்கில் போய்ப் படமெடுத்துத் திரும்புகிறார்கள். கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் திருப்தி இல்லை. உடனே கண் கேமரா மேல் போகிறது. ஒரு லட்சத்தைத் தாண்டும் செலவு, பெரும்பாலும் தவணையில். வாய்க்கு வந்த பதிலைச் சொல்லிவிட முடியாது. வான்படத் தொழிலின் வரலாறு இந்தக் கேள்விக்குப் பலமுறை விடை சொல்லியிருக்கிறது. கருவி மாறிய ஒவ்வொரு தலைமுறையிலும் எது படத்தை உயர்த்தியது, எது உயர்த்தவில்லை என்பது பதிவாகியிருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வெள்ளித் தகடும் கடிகாரமும்

சூரியனைத் தவிர்த்து ஒரு நட்சத்திரம் முதன்முதலில் படமானது 1850 ஜூலை 16-17 இரவில். அமெரிக்காவின் ஹார்வர்டு வான்நோக்ககத்தில், அதன் இயக்குநர் வில்லியம் பாண்டும் பாஸ்டன் நகர ஸ்டுடியோக்காரர் ஜான் ஆடம்ஸ் விப்பிளும் 15 அங்குலத் தொலைநோக்கியில் வெள்ளித் தகட்டைப் பொருத்தினார்கள். குறிவைத்தது வேகா, நம் மரபில் அபிஜித். சுமார் 100 விநாடி எக்ஸ்போஷர். தகட்டில் ஒரு புள்ளி விழுந்தது.

வடவானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரங்களில் ஒன்றுக்கே அவ்வளவு நேரம் என்றால் மங்கலானவற்றை எடுக்க வழியே இல்லை. தகட்டின் மந்தம் ஒரு காரணம். இன்னொன்று, தொலைநோக்கியை ஓட்டிய கடிகாரப் பொறி. பூமி சுழல்வதால் வானம் விநாடிக்கு 15 விகலை நகர்கிறது. அதே வேகத்தில் தொலைநோக்கியும் சீராகத் திரும்ப வேண்டும். ஹார்வர்டு பொறி திக்கித் திக்கி ஓடியது. தகடு எவ்வளவு நல்லதானாலும் நகரும் புள்ளி கோடாகத்தான் விழும்.

அந்த வேலை சில ஆண்டுகள் நின்றுபோனது. 1857இல் மறுபடி தொடங்கியபோது கையில் இரண்டு புதுமைகள் இருந்தன. ஒன்று, வெள்ளித் தகட்டைவிட வேகமான கொலோடியன் கண்ணாடிப் பிளேட். மற்றொன்று, சீராக ஓடும் புதிய கடிகாரப் பொறி. இரண்டும் சேர்ந்தபோதுதான் சப்தரிஷி மண்டலத்து வசிஷ்டரும் அருந்ததியும் ஒரே பிளேட்டில் தெளிவாகப் பதிந்தார்கள். பிளேட் மட்டும் மாறியிருந்தால் இது நடந்திருக்காது.

ஈரம் காயும் வரைதான் வானம்

கொலோடியன் பிளேட்டுக்குத் தனிச் சிக்கல் இருந்தது. கண்ணாடி மேல் கொலோடியனை ஊற்றிப் பரப்ப வேண்டும். வெள்ளி நைட்ரேட் தொட்டியில் முக்கி எடுத்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, ஈரம் காய்வதற்குள் டெவலப்பும் செய்ய வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பிளேட் உணர்வை இழந்துவிடும். எங்கள் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம்.

அதனால் அந்தத் தலைமுறை தொட்டதெல்லாம் பிரகாசமான பொருள்கள். சென்னை மாகாணத்துக்கு இதில் நேரடிப் பங்குண்டு. 1868 ஆகஸ்டில் முழுச் சூரிய கிரகணத்தைப் படமெடுக்க ஜேம்ஸ் டெனன்ட் குழு குண்டூரில் முகாமிட்டது. 1871 டிசம்பர் 12 கிரகணத்துக்கு அவர் நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவைத் தேர்ந்தெடுத்தார். சூரிய மகுடம் சில விநாடியில் பதிந்துவிடக்கூடியது. ஈரப் பிளேட்டுக்கு அது போதும். கடல்மட்டத்திலிருந்து 2,637 மீட்டர் உயரத்து மலைக்குப் பொருள்களை ஏற்றிப்போனதன் காரணம் மெல்லிய, தெளிந்த காற்று. பிளேட் வேலை தெரிந்தவர்களே பிளேட்டோடு நிற்காமல் இடத்தைத் தேடிப் போனார்கள்.

அதே 1871இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் மேடாக்ஸ் என்ற மருத்துவர் ஜெலட்டின் பூச்சு பற்றிய தன் சோதனைகளை வெளியிட்டார். உலர் பிளேட்டுக்கு வித்து அதுதான். சில ஆண்டுகளில் அது கடைச்சரக்கானது. ஸ்டுடியோக்காரர்களுக்கு அதில் பிடித்தது வேகம். வானத்தைப் பார்ப்பவர்களுக்கோ வேகத்தைவிடப் பெரிய வரம் ஒன்று கிடைத்தது: நேரம். காயும் பயம் இல்லாததால் ஒரு மணி நேரம் திறந்து வைக்கலாம்.

1880 செப்டம்பர் 30 அன்று நியூயார்க்குக்கு அருகில் ஹென்றி டிரேப்பர் 11 அங்குலத் தொலைநோக்கியில் ஒரியன் நெபுலாவை 51 நிமிடம் எடுத்தார். ஒரு நெபுலாவின் முதல் படம். 1882இல் அதையே 137 நிமிடம் எடுத்தார். 1883 ஜனவரியில் லண்டன் அருகே ஈலிங்கில் ஆண்ட்ரூ காமன் 36 அங்குல ஆடியைக் கொண்டு 37 நிமிடத்தில் அதைவிட ஆழமான படம் எடுத்தார். கண் வைத்துப் பார்த்தால் தெரியாத நட்சத்திரங்கள் அதில் இருந்தன. இருவரிடமும் இருந்தவை உலர் பிளேட்கள்தான். ஒளியை அள்ளும் வாயின் அகலத்தில்தான் பெரிய வித்தியாசம்.

ஊர் ஸ்டுடியோ லென்ஸ்

1882இல் பட்டப்பகலிலும் தெரிந்த பெரிய வால்நட்சத்திரம் ஒன்று வந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் வான்நோக்ககத்தில் டேவிட் கில் அதைப் படமெடுக்க விரும்பினார். அதற்கான கேமரா அங்கே இல்லை. பக்கத்து மோப்ரே ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்த அலிஸ் என்பவரை அழைத்தார். ஆளை உட்காரவைத்து எடுக்கும் சாதாரணக் கேமராவைக் கடிகாரப் பொறியில் ஓடும் தொலைநோக்கியின் முதுகில் கட்டினார்கள். தொலைநோக்கியில் கண் வைத்து கில் வழிநடத்த, பிளேட் மணிக்கணக்கில் ஒளி வாங்கியது.

வால்நட்சத்திரம் அழகாக வந்தது. கில்லை அசரவைத்ததோ பின்னணி. பிளேட் நெடுக நட்சத்திரங்கள். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு தென்வானம் முழுவதையும் பிளேட்டில் பிடித்துப் பட்டியல் போடும் பணியைத் தொடங்கினார். நெதர்லாந்தின் கப்டெய்ன் பல ஆண்டுகள் உட்கார்ந்து அந்தப் பிளேட்களை அளந்தார். 4,54,875 நட்சத்திரங்கள் கொண்ட அட்டவணை உருவானது. அதன் வேர் ஓர் ஊர் ஸ்டுடியோவின் கேமரா. இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு இது பெருமை.

இன்னொரு ஸ்டுடியோக்காரரையும் சொல்லவேண்டும். எட்வர்ட் எமர்சன் பர்னார்ட், 1857இல் நாஷ்வில்லில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். ஒன்பது வயதாகும் முன்பே ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் படத்தைப் பெரிதாக்க மின்விளக்கு கிடையாது. மாடியில் பெரிய என்லார்ஜர் ஒன்றை வைத்து அதைச் சூரியனுக்கு நேராகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சிறுவன் பர்னார்டின் வேலை அதுதான். சக்கரங்களை மெல்லச் சுழற்றி, ஒளி வட்டம் இம்மியும் விலகாமல் மணிக்கணக்கில் வெயிலில் நிற்பது. மற்ற பையன்கள் தூங்கிப்போவார்களாம். இவன் தூங்கவில்லை.

அந்தக் கைதான் பின்னால் பால்வீதியை எடுத்தது. 1889இல் கலிஃபோர்னியாவின் லிக் வான்நோக்ககத்தில் அவர் இருந்தபோது உலகிலேயே பெரிய 36 அங்குல ஒளிவிலகல் தொலைநோக்கி அங்கே இருந்தது. ஆனால் அவருடைய பால்வீதிப் படங்கள் பிறந்தது 6 அங்குல வில்லார்டு லென்ஸிலிருந்து. அது ஸ்டுடியோவில் ஆளைப் படமெடுக்கச் செய்த, பயன்பட்டுப் பழசான லென்ஸ். பிளேட்கள் மந்தமாக இருந்த காலத்தில் ஆள் அசைவதற்குள் எடுக்க அகன்ற வாய் தேவைப்பட்டது. பிளேட் வேகமானதும் ஸ்டுடியோக்களுக்கு அதன் தேவை குறைந்தது. வானத்துக்கோ அகன்ற வாயும் அகன்ற பார்வையும்தான் வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரு வழிகாட்டி நட்சத்திரத்தைக் குறுக்குக்கோட்டிலிருந்து நழுவவிடாமல் அவர் கண் விழித்து ஓட்டினார். பால்வீதியின் நட்சத்திர மேகங்களும் அவற்றின் ஊடே ஓடும் கரும்பாதைகளும் உலகுக்குத் தெரிந்தன. சிறு வயதில் சூரியனைத் துரத்தியதற்கும் இதற்கும் இடையே மாறாமல் இருந்தது, நகரும் வானத்தை விடாமல் பின்தொடரும் திறன்.

சிவப்பும் இருட்டும்

என் அப்பா காலத்து டார்க் ரூமில் சிவப்பு பல்பு எரியும். பிரிண்ட் போடும் தாள் சிவப்பை உணராது, அதனால் அந்த வெளிச்சத்தில் தைரியமாக வேலை செய்யலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிளேட்களும் அப்படியே. நீலத்தை உண்டன, சிவப்பைக் கண்டுகொள்ளவில்லை. வானத்தில் ஹைட்ரஜன் மேகங்கள் 656.3 நானோமீட்டரில் ஆழ்ந்த சிவப்பாக ஒளிர்கின்றன. வயதான பெரிய நட்சத்திரங்களும் சிவப்பு. அத்தனைக்கும் பிளேட் குருடு. 1873இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோகல் சாயம் கலந்து பிளேட்டை மற்ற நிறங்களுக்கும் பழக்கும் வழியைக் கண்டார். சிவப்பை நன்றாக வாங்கும் பிளேட் வானியலாளர் கைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. அதைச் செய்துகொடுத்தவர்களில் முக்கியமானவர் கோடக் ஆய்வகத்தின் கென்னத் மீஸ்.

அதன் முழுப் பலனைக் காட்டியவர் வால்டர் பாடே. இடம் மவுண்ட் வில்சன், ஆண்டு 1943. உலகப் போர் நடக்கிறது. சக வானியலாளர்கள் போர்ப் பணிக்குப் போய்விட்டார்கள். ஜெர்மன் குடிமகனான பாடேவை அந்தப் பணிக்கு அழைக்கவில்லை. அதனால் 100 அங்குலத் தொலைநோக்கியில் அவருக்குத் தாராளமாக நேரம் கிடைத்தது. தாக்குதல் அச்சத்தால் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் விளக்குகளைத் தணித்திருந்தது. மலைமேல் வானம் பழையபடி கறுத்தது.

ஆண்ட்ரோமீடா கேலக்ஸியின் நடுப்பகுதி அதுவரை எந்தப் பிளேட்டிலும் வெறும் பாலாடையாகவே விழுந்திருந்தது. ஹப்பிள் அதே தொலைநோக்கியில் முயன்றும் தனி நட்சத்திரங்கள் பிரியவில்லை. பாடே சிவப்புணர் பிளேட்டுக்கு மாறினார். காற்று அசையாத இரவுகளுக்காகக் காத்திருந்தார். வெப்பம் மாற மாற ஆடியின் ஃபோகஸ் நகர்வதைக் கவனித்துத் திருத்தினார். பல மணி நேர எக்ஸ்போஷரில் பாலாடை பொடிப்பொடி நட்சத்திரங்களாக உடைந்தது. நட்சத்திரங்களில் இரண்டு குடிகள் உண்டு என்ற அவருடைய 1944 கட்டுரை இதிலிருந்து வந்தது.

எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சம்பவம் இதுதான். பிளேட்டை மாற்றியது உதவியது, ஐயமே இல்லை. அது உதவியதற்குக் காரணம் அவர் தேடிய பொருள் சிவப்பு. கூடவே வானம் இருண்டது, ஃபோகஸ் சரியாக நின்றது, பொறுமை இருந்தது. இந்த நான்கில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தப் பாலாடை அப்படியே இருந்திருக்கும்.

நூற்றில் ஒன்றிலிருந்து

பிளேட் எவ்வளவு முன்னேறியும் அதன் மேல் விழும் ஒளித்துகள் நூற்றில் ஒன்றிரண்டைத்தான் பதித்தது. நெடுநேர எக்ஸ்போஷரில் அந்த உணர்வும் சோர்ந்துபோகும். பிளேட்டை அம்மோனியாவில் குளிப்பாட்டுவது, நைட்ரஜன் வாயுவில் வாட்டுவது என்று பல வித்தைகள் செய்தார்கள்.

1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி சில்லை உருவாக்கினார்கள். அதற்காக 2009இல் நோபல் பரிசு பெற்றார்கள். 1976இல் அரிசோனாவின் 61 அங்குலத் தொலைநோக்கியில் யுரேனஸை அது படம் பிடித்தது. ஒளித்துகளில் பாதிக்கு மேல் பதிக்கும் உணர்வு. பிளேட்டோடு ஒப்பிட்டால் பல பத்து மடங்கு. இருந்தும் எல்லோரும் உடனே மாறவில்லை. அந்தச் சில்லு ஒரு பக்கத்துக்கு 400 புள்ளிகள் மட்டுமே கொண்டது. 14 அங்குலப் பிளேட்டில் வானத்தின் அகன்ற பரப்பை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் 1990கள் வரை பிளேட்டிலேயே இருந்தார்கள். அவர்களுடைய வேலைக்குப் பரப்புதான் முக்கியம்.

காவலூரின் கதையும் இதே பாடத்தைச் சொல்கிறது. மாணவராக ஹார்வர்டில் இருந்தபோதே, 1949இல், தான் எடுத்த பிளேட்டில் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர் வைணு பாப்பு. கொடைக்கானல் வான்நோக்ககத்தின் தலைமைக்கு வந்ததும் அவர் முதலில் தேடியது இருட்டான இடத்தை. ஜவ்வாது மலையில், 725 மீட்டர் உயரத்தில், தென்வானமும் நன்றாகத் தெரியும் காவலூரைத் தேர்ந்தார். கொடைக்கானல் பட்டறையில் செய்த 38 செ.மீ. தொலைநோக்கியோடு 1968இல் வேலை தொடங்கியது. 1972இல் 1 மீட்டர் ஜெய்ஸ் தொலைநோக்கி வந்தது. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல்தான். பாப்பு அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அவர் பெயரை அது தாங்கியிருக்கிறது.

பிறகு காவலூரை நடத்தும் நிறுவனம் அடுத்த தொலைநோக்கியை லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் வைத்தது. 2000இல் அது முதல் ஒளி கண்டது. அதன் ஆடி 2 மீட்டர், காவலூரில் இருப்பதைவிடச் சிறியது. உலர்ந்த காற்றும் கும்மிருட்டும் அந்தக் குறையை ஈடுகட்டிவிடும் என்று தெரிந்தே வைத்தார்கள்.

இன்றைய கணக்கு

இப்போது தம்பிகளின் கேள்விக்கு வருகிறேன். கடந்த பத்தாண்டில் வந்த நல்ல சென்சார்கள் விழும் ஒளியில் பாதி அளவையோ அதற்கு மேலோ பதிப்பவை. நூறு சதவீதத்தைத் தாண்ட எந்தக் கம்பெனியாலும் முடியாது. ஆக, இன்னும் கிடைக்கக்கூடிய லாபம் அதிகபட்சம் இரண்டு மடங்கை ஒட்டித்தான். நூற்றில் ஒன்றிலிருந்து பாதிக்குத் தாவிய அந்தப் பெரிய பாய்ச்சல் முடிந்துபோனது. ஐஎஸ்ஓ எண் எவ்வளவு ஏறினாலும் வானிலிருந்து ஒரு துகள்கூட அதிகம் வராது.

மற்றவற்றின் லாபத்தைப் பாருங்கள். எஃப் 4 லென்ஸிலிருந்து எஃப் 2க்குப் போனால் நான்கு மடங்கு ஒளி. அசையாத ஸ்டாண்டில் 24 மி.மீ. லென்ஸுக்கு 20 விநாடிக்கு மேல் போனால் நட்சத்திரம் இழுக்கும். வானத்தோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பும் டிராக்கர் போட்டு இரண்டு நிமிடம் எடுத்தால் ஆறு மடங்கு. ஒரே காட்சியை 16 தடவை எடுத்து ஸ்டேக் செய்தால் இரைச்சல் நாலில் ஒன்றாகும், அதற்குச் செலவே இல்லை. வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டு மேல் இருக்கும் வானத்துக்கும் நல்ல இருட்டு வானத்துக்கும் மூன்று ஒளித்தரம் வித்தியாசம் என்று வைத்தால் பின்னணி வெளிச்சம் 16 மடங்கு குறைகிறது.

அதனால் கையிலிருக்கும் படத்தை முதலில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்கிறேன். நட்சத்திரம் எல்லாப் பக்கமும் ஒரே வாட்டத்தில் நீண்டிருந்தால் தேவை டிராக்கர். அந்த நிலையில் 45 மெகாபிக்சல் பாடி வாங்கினால் இழுப்பு இன்னும் துல்லியமாகத் தெரியும், அவ்வளவுதான். நடுவில் புள்ளியாகவும் மூலையில் சிறகு முளைத்தும் இருந்தால் லென்ஸை இரண்டு படி குறைத்து எடுங்கள், போதவில்லையென்றால் லென்ஸை மாற்றுங்கள். அடிவானம் ஆரஞ்சாக இருந்தால் இன்னும் உள்ளே, மலையின் மறுபக்கம் போங்கள். பொரிப்பொரியாக இருந்தால் அதிக படங்கள் எடுத்து ஸ்டேக் செய்யுங்கள்.

பாடியை மாற்றத் தகுந்த இடங்களும் உண்டு. இருட்டைத் தூக்கினால் பட்டை பட்டையாகக் கோடு காட்டும் மிகப் பழைய சென்சார் ஒன்று. இரண்டாவது, பாடே சந்தித்த அதே சிவப்பு. ஆள் முகம் இயல்பாக வரவேண்டுமென்று சாதாரணக் கேமராக்களில் போடும் வடிகட்டி, 656.3 நானோமீட்டர் ஒளியில் பெரும்பகுதியை வெட்டிவிடுகிறது. அதைத் தளர்த்தித்தான் கேனான் 2005இல் 20டிஏ, 2012இல் 60டிஏ, 2019இல் ஆர்ஏ என்றும், நிக்கான் 2015இல் டி810ஏ என்றும் வானத்துக்கான தனி மாடல்களைக் கொண்டுவந்தன. ஒரியனின் சிவப்பு மேகங்கள்தான் உங்கள் விருப்பம் என்றால், இருக்கும் கேமராவின் வடிகட்டியை மாற்றிக்கொள்வதுகூடப் பெரிய வித்தியாசம் தரும்.

மூன்றாவது, நம் ஊருக்கே உரிய வெக்கை. சென்சாரின் வெப்ப இரைச்சலுக்குக் காரணமான மின்னோட்டம் ஏறக்குறைய ஒவ்வொரு 6 டிகிரிக்கும் இரட்டிக்கிறது. 28 டிகிரியில் இயங்கும் சென்சாரை 4 டிகிரிக்குக் குளிர்வித்தால் அது 16 மடங்கு குறையும். சமவெளியில் நெடுநேர எக்ஸ்போஷர் எடுப்பவர்களுக்குக் குளிரூட்டிய வான்கேமரா உண்மையான முன்னேற்றம்.

நமக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. பர்னார்டின் லிக் மலையில் பால்வீதியின் மையம் அடிவானத்திலிருந்து 24 டிகிரிதான் உயரும். நம் மலையில் அது 48 டிகிரிக்கு வருகிறது. மார்ச், ஏப்ரல் விடியற்காலைகளில் விருச்சிகமும் தனுசும் தெற்கே நிமிர்ந்து நிற்கும்போது, அவர் அடர்ந்த காற்றின் ஊடே பார்த்ததை நாம் தெளிந்த உயரத்தில் பார்க்கிறோம். ஆகவே என் பதில் இது. நல்ல ஃபுல் ஃப்ரேம் பாடியின் விலையில் ஒரு பகுதிதான் டிராக்கர். அதை முதலில் வாங்குங்கள். மிச்சப் பணத்தை இருட்டைத் தேடிப் போகும் பெட்ரோலுக்கு வையுங்கள். ஒரு சீசன் முழுக்க இதே கேமராவில் எடுங்கள். நட்சத்திரம் உருண்டையாக, வானம் கறுப்பாக, ஸ்டேக் ஆழமாக வந்த பிறகும் ஒரு குறை மிஞ்சினால், அது சென்சாரின் குறை. அன்றைக்குத் தவணை போட்டு வாங்கினாலும் ஒரு ரூபாய்கூட வீணாகாது.